நாவுல வீதியும் நகர்ந்த கற்கோயிலும்

ஐரோப்பாவின் புராதன நகரங்களைக் காணச் செல்பவர்களுக்கு அந்நகரங்கள் இரண்டு வாகனங்களை ஆயத்தமாக வைத்திருக்கின்றன. ஒன்று வீதிவழியே சுற்றிவரும் பஸ், மற்றொன்று நதிவழியே மிதந்து செல்லும் படகு. பிராக்கில் வில்டாவா, பாரிஸில் சேன், புடாபெஸ்டில் டான்யூப் என நதியின் பெயர் மாறுமேயன்றி ஏற்பாடு மாறுவதில்லை. ஆங்கிலேயரான தாமஸ் குக் 1841-இல் லெஸ்டரிலிருந்து லஃப்பரோவுக்கு ஒரு கூட்டத்தாரை ரயிலில் அழைத்துச் சென்று சுற்றுலா என்பதை ஒரு தொழிலாக்குவதற்கு முன்னரே, 1826-இல் கொலோன் நகரத்தில் தோன்றிய நீராவிக் கப்பல் கம்பெனியொன்று ரைன் நதியில் பிரயாணிகளை ஏற்றத் தொடங்கிவிட்டது. பாரிஸில் 1867-இல் நடைபெற்ற உலகப் பொருட்காட்சிக்கு வந்த ஜனங்களைச் சேன் நதிப் படகுகள் சுமந்து திரிந்தன. நதியிலிருந்து பார்க்கையில் அந்நகரங்கள் அழகாகத் தோன்றுவது தற்செயலன்று. திராட்சை மதுவும் உப்பும் மரமும் தானியமும் நீர்வழியாகவே வந்திறங்கிய காலத்தில், அரசனும் வணிகனும் பாதிரியாரும் தத்தம் மாளிகையின் முகத்தை நதியை நோக்கித் திருப்பியே கட்டினார்கள். பஸ்ஸிலே போகிறவன் பெரும்பாலும் அம்மாளிகைகளின் முதுகைத்தான் பார்க்கிறான்.

இந்த விவரங்களெல்லாம் தமிழ் வாசகனுக்கு ஏ.கே. செட்டியார், சோமலெ முதலியோரின் பிரயாண நூல்கள் வழியாக நெடுநாளாகவே பழக்கமானவை. ஆனால் அவர்கள் காட்டிய முறையை மனத்திற்கொண்டு நம் நாட்டுச் சரித்திர ஸ்தலங்களைப் பார்க்கப் புறப்படுகிறவனுக்கு ஒரு சங்கடம் நேரும். இலங்கையின் மலைநாட்டு நதிகள் படகுக்கு இடங்கொடாதவை. பாறையில் விழுந்து பள்ளத்தில் பாய்ந்து, கோடையில் முழங்காலளவாகவும் மாரியில் மரங்களை உருட்டிக்கொண்டும் ஓடுபவை. அவற்றின் கரையில் நகரங்கள் அதிகம் எழவில்லை. பெரும்பாலானவை குளக்கரையிலும் பாதையோரத்திலும் எழுந்தன. ஆதலால் மலைநாட்டின் பழமையைக் காண விரும்புகிறவனுக்குப் பாதை ஒன்றே கதி. அவ்வாறு பாதை ஒன்றையே நம்பி வாழ்ந்த ஊர்களுள் மாத்தளை மாவட்டத்து நாவுலவும் ஒன்று. அங்கேயும் ஒரு காலத்தில் நதி வந்தது. எவரையும் ஏற்றிச் செல்வதற்காக வந்த நதியன்று அது. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக ஓரிடத்தில் நின்ற கோயிலொன்றைக் கிளப்பி வேறிடத்துக்கு அனுப்பிவிட்ட நதி.

கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் வரை 321 கிலோமீற்றர் நீளும் ஏ-9 நெடுஞ்சாலையில், மாத்தளையைத் தாண்டி அலுவிகாரை, பலாபத்வலை, மடவல உல்பொத்த, நாலந்தா என்று வடக்கே இறங்கி வருகிறவர்கள், தம்புள்ளையை அடைவதற்கு முன்னர் நாவுலவைக் கடக்கிறார்கள். இங்கிருந்து கிழக்கே எலஹெரவை நோக்கி ஒரு பாதை பிரிகிறது. யாழ்ப்பாணத்திலிருந்தும் திருகோணமலையிலிருந்தும் கண்டிக்கு இரவு பஸ்ஸில் போகிற தமிழர் பலருக்கு நாவுல என்பது தூக்கத்தின் நடுவே கண்ணில் பட்டு மறையும் ஒரு பெயர்ப்பலகை. அதற்குமேல் எதுவும் இல்லை. ஆயினும் வறண்ட சமவெளியிலிருந்து மலைநாட்டுக்கு ஏறவேண்டிய படைகளும் யாத்திரீகர்களும் கூலிகளும் இவ்வழியை விட்டால் வேறு நல்ல வழி அற்றவர்களாக இருந்தார்கள் என்பதை நினைக்கும்போது, இந்தச் சிறிய கடைத்தெரு எத்தனை காலடிகளைப் பார்த்திருக்கும் என்ற எண்ணம் எழாமல் இராது.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு கஜபாகுவோடு பொருதபோது நாலந்தாவைத் தன் போர்ப்பாசறைகளில் ஒன்றாக வைத்திருந்தான் என்று இலங்கையின் பழைய வரலாற்று நூலான சூளவம்சம் கூறுகிறது. மலைக்கும் சமவெளிக்கும் இடையே வாயில்போல் அமைந்த இடத்தைப் படைத்தலைவன் எவனும் விட்டுவைக்க மாட்டான். அதற்கு எழுநூறு ஆண்டுகளுக்குப் பின்னர், பிரிட்டிஷ் ஆட்சியின் புதிய வரிகளால் குமுறிய ஜனங்கள் 1848-ஆம் ஆண்டு ஜூலை 26-ஆந் தேதி தம்புள்ளை விகாரையில் கொங்காலேகொட பண்டாவுக்கு முடிசூட்டி, அங்கிருந்து மாத்தளையை நோக்கி இதே பாதையில் இறங்கினார்கள். மாத்தளையிலே அரசாங்க அலுவலகங்களைத் தாக்கிய அந்தக் கலகம் இரண்டு வாரங்கூட நிலைக்கவில்லை. ஆகஸ்ட் 8-ஆந் தேதி கலகத் தலைவர்களுள் ஒருவனான புரன் அப்புவைக் கண்டியில் சுட்டுக் கொன்றார்கள். கலகத்துக்கு மூலகாரணமாயிருந்த வரிகளுள் ஒன்று பாதை வரி என்பது கவனிக்கத்தக்கது. வயது வந்த ஆண் ஒவ்வொருவனும் ஆண்டுக்கு ஆறு நாள் பாதை வேலை செய்ய வேண்டும், அல்லது அதற்கீடாகப் பணம் கட்டவேண்டும் என்று விதித்தார்கள். தாங்கள் வெட்டிய பாதையில் தாங்களே கலகக்காரராக நடக்க வேண்டியிருந்தது அந்த ஜனங்களுக்கு.

பிரிட்டிஷார் பாதைகளின்மேல் அத்தனை கருத்தாயிருந்ததற்கு 1815-இல் கைப்பற்றிய கண்டி ராச்சியத்தை அடக்கிவைக்கும் நோக்கம் முதற் காரணம். கோப்பியை ஏற்றுமதித் துறைமுகத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் நோக்கம் அடுத்த காரணம். தேசாதிபதி எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில் கொழும்பு–கண்டி வீதி உருவாயிற்று. சிறுவனாக இலங்கைக்கு வந்து படையிற் சேர்ந்த தாமஸ் ஸ்கின்னர் தம் வாழ்நாளையே பாதை அமைப்பதில் கழித்து, 1867-இல் ஓய்வு பெற்றபோது நாட்டின் நெடுஞ்சாலை வரைபடத்தையே மாற்றி வைத்திருந்தார். ரயில் 1867-இல் கண்டிக்கும் 1880-இல் மாத்தளைக்கும் வந்தது. மாத்தளையோடு அது நின்றுவிட்டது. இன்றும் அதுவே அந்தக் கிளைப்பாதையின் கடைசி ஸ்டேஷன். நாவுலவுக்கு ரயில் ஓசை கேட்கவேயில்லை.

ஆனால் இந்த வீதியின் சரித்திரத்தில் அரசர்களையும் தளபதிகளையும் விட, பெயர் தெரியாமற்போன ஒரு பெரும் ஜனத்திரளே முதன்மையானது என்பது என் அபிப்பிராயம். 1830-களுக்குப் பின் மலைநாட்டில் கோப்பித் தோட்டங்கள் பெருகியபோது, மதுரை, இராமநாதபுரம், திருச்சிராப்பள்ளி, சேலம் முதலிய சீமைகளிலிருந்து பஞ்சத்துக்கும் கடனுக்கும் தப்பிக் ‘கண்டிச் சீமை’க்குப் புறப்பட்டவர்கள், இராமேசுவரக் கரையிலிருந்து தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கினார்கள். அங்கிருந்து முருங்கன், மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை என்று காட்டு வழியே கால்நடையாக வந்து, நாவுலவையும் நாலந்தாவையும் கடந்து மாத்தளையை அடைந்தார்கள். முன்னே கங்காணி; பின்னே தலையிற் சட்டி பானையும் இடுப்பிற் குழந்தையுமாக ஆணும் பெண்ணும். வழியிலே கிணறு வறண்டிருக்கும்; இருந்த நீரிலே வாந்திபேதி இருக்கும். காட்டுக் காய்ச்சலில் விழுந்தவனைத் தூக்கிச் செல்ல எவருக்கும் தெம்பு இருப்பதில்லை. சுமந்துவந்த அரிசி தீர்ந்தால் கங்காணி கொடுக்கும் கடன் ஒன்றே சோறு; அந்தக் கடன் தோட்டத்துக் கணக்கிலே முதல் வரியாக ஏறும். தோட்டத்துக்கு வந்து சேருமுன்னரே கடனாளியாகிவிட்ட தொழிலாளி என்ற விந்தை, உலகச் சரித்திரத்தில் வேறு இடங்களிலும் உண்டு. ஆனால் அந்தக் கடனை அவன் தன் கால்களாலேயே நடந்து சம்பாதித்தது இந்த வடபாதையில்தான்.

மாத்தளைக்கு வந்ததும் முதலில் அவர்கள் செய்தது ஒரு மரத்தடியில் அம்மனை நினைத்து விழுந்து கும்பிட்டதே என்று இன்றும் அங்குள்ளவர்கள் சொல்வார்கள். அந்த மரத்தடி 1874-இல் முத்துமாரியம்மன் கோயிலாகக் கட்டி எழுப்பப்பட்டு, மாசி மகத்தில் ஐந்து தேர்கள் ஓடும் பஞ்சரத பவனிக்குப் பெயர்பெற்றது. நெடுவழியைக் கடந்தவர்கள் நன்றிக்கடன் செலுத்திய இடம் அது. கடக்க இயலாதவர்களுக்கு வழியில் எங்கும் ஒரு கல்லும் நடப்படவில்லை. நூற்றாண்டின் முடிவில் கொள்ளைநோய்ப் பயத்தால் வடபாதை அடைபட்டது. பின்னர் 1914-இல் தலைமன்னாருக்கு ரயிலும் தனுஷ்கோடிக் கப்பலும் வந்தபோது நடைப்பாதை காட்டோடு காடாகியது. 2023-ஆம் ஆண்டில், முதல் தொழிலாளர் கூட்டம் வந்து இருநூறு ஆண்டுகள் நிறைந்ததை நினைவுகூர்ந்து, மலையகத் தமிழர்களும் அவர்களுடைய நண்பர்களும் ஜூலை 28-இல் தலைமன்னாரில் புறப்பட்டு, அதே வழியாகக் கால்நடையாக வந்து, ஆகஸ்ட் 12-இல் மாத்தளையை அடைந்தார்கள்.

மோட்டார் பஸ் வந்தபிறகு வீதியின் சுபாவம் மாறிற்று. தனியார் பஸ் கம்பெனிகள் ஒன்றோடொன்று போட்டியிட்டு ஆளை இழுத்த காலம் போய், 1958 ஜனவரி முதல் நாள் பஸ் சேவை முழுவதும் தேசியமயமாகி இலங்கைப் போக்குவரத்துச் சபையின் கைக்கு வந்தது. இ.போ.ச. பஸ்ஸில் தட்டுத்தடுமாறி நின்றுகொண்டு நாவுலவைக் கடக்கிறவன் பார்ப்பது ஒரு நாவுல. குளிரூட்டிய சொகுசு பஸ்ஸின் கண்ணாடிக்கு உள்ளிருந்து வெளிநாட்டுப் பிரயாணி பார்ப்பது வேறு நாவுல. பின்னவன் சிகிரியாவுக்கும் தம்புள்ளைக் குகைகளுக்கும் போகிற வழியில், மாத்தளைக்கும் நாவுலவுக்கும் இடையிலுள்ள வாசனைத் திரவியத் தோட்டமொன்றில் இறக்கப்படுகிறான். அங்கே மிளகுக் கொடியையும் கொக்கோக் காயையும் காட்டி, சகல நோய்க்கும் ஒரு தைலம் விற்று, பகல் போசனமும் போட்டு மறுபடி ஏற்றிவிடுவார்கள். நாலந்தாச் சந்தியில் பஸ் நிற்பது அருமை. ஐரோப்பாவின் பஸ் அங்குள்ள மாளிகைகளின் முதுகையாவது காட்டுகிறது. நம் பஸ் அதையும் காட்டாமல் விரைகிறது.

நிற்கவேண்டிய காரணம் சந்தியிலிருந்து கிழக்கே ஒரு கிலோமீற்றர் அளவில், நீரின் ஓரத்தில் இருக்கிறது. நாலந்தா கெடிகே என்று சொல்லப்படும் அந்தக் கற்கோயிலை முதன்முதலாகக் காணும் தமிழன் ஒரு கணம் மாமல்லபுரத்திற்கு வந்துவிட்டோமோ என்று மயங்குவான். அடியிலிருந்து முடிவரை முழுதும் கல். செங்கல்லும் சுண்ணாம்பும் மிகுதியாய் வழங்கிய இந்நாட்டில், இந்த அளவுக்குக் கல்லை மட்டுமே நம்பி எழுப்பிய பழைய கட்டடங்கள் அதிகமில்லை. முன்னே மண்டபம், அதன்பின் குறுகிய இடைகழி, அதன்பின் கருவறை, கருவறையின்மேல் விமானம். நம் ஊரில் சிறுபிள்ளைக்கும் தெரிந்த கோயில் அமைப்பு இது. விமானத்தின் முகங்களில் குதிரைலாட வடிவான கூடுகள். தெற்கு முகத்திலுள்ள கூட்டினுள்ளே பருத்த வயிறும் சப்பணமிட்ட கால்களுமாகக் குபேரன் அமர்ந்திருக்கிறான். அருகிற் சென்று அதிட்டானத்தின் கல்லைத் தடவிப் பார்த்தால், மழை அரித்து மழுங்கிய சிற்பங்கள் கைக்குத் தட்டுப்படும். அவற்றுள் ஒன்று காமக் களியாட்டச் சிற்பம். வழிகாட்டிகள் மற்றவற்றைக் காட்ட மறந்தாலும் அதைக் காட்ட மறப்பதில்லை.

இத்தனை தமிழ்த்தன்மை கொண்ட கட்டடத்தில் இந்துத் தெய்வமொன்றும் மூலஸ்தானத்தில் இருந்ததாகத் தெரியவில்லை. பௌத்தர்கள் வழிபட்ட இடமாகவே அது விளங்கியிருக்கிறது, பக்கத்திலே தூபியும் உண்டு. கி.பி. எட்டாம் நூற்றாண்டுக்கும் பத்தாம் நூற்றாண்டுக்கும் இடையில் கட்டியிருக்க வேண்டும் என்பது ஆராய்ச்சியாளர் கருத்து. அக்காலத்துக்குச் சற்று முந்திய ஒரு சம்பவத்தைச் சூளவம்சம் விரிவாகவே சொல்கிறது. அநுராதபுர அரசுரிமையை இழந்த மானவம்மன் காஞ்சிக்கு ஓடிப் பல்லவன் நரசிம்மனிடம் அடைக்கலம் புகுந்து, அவனுக்காகப் போர் செய்து அவனுடைய அன்பைப் பெற்று, பல்லவப் படையோடு திரும்பிவந்து முதல் முயற்சியில் தோற்று, இரண்டாம் முயற்சியில் கி.பி. 684 அளவில் அரசு கட்டிலேறினான். படை வந்த கப்பலில் சிற்பியும் வந்தானென்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அரசர்கள் இப்படி நெருங்கிப் பழகிய ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு, பல்லவச் சிற்பியின் கையும் பௌத்த பிக்குவின் வேண்டுகோளும் ஒரு கட்டடத்தில் சேர்ந்தது அதிசயமன்று. இன்று சிலர் அதைத் தமிழர் கோயில் என்றும், சிலர் பௌத்த விகாரை என்றும் வழக்காடுகிறார்கள். பாணி ஒருவருடையதாகவும் வழிபாடு மற்றொருவருடையதாகவும் இருக்கலாம் என்பதை அக்காலத்தவர் சாதாரணமாகவே ஏற்றிருந்தார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

இனி நீரின் கதைக்கு வருவோம். நாவுலப் பிரதேசத்து நீரெல்லாம் கடைசியில் அம்பன் கங்கையைச் சேர்கிறது. வசபன் என்னும் அரசன் எலஹெரவில் அந்த நதியைத் திருப்பி வாய்க்கால் வெட்டியதும், பின்னர் மகாசேனன் மின்னேரிக் குளத்தை அதனால் நிரப்பியதும் பழைய செய்திகள். ஆக, இந்த நதியிலே படகு ஓடாவிட்டாலும் இரண்டாயிரம் ஆண்டுகளாக அது வேலை வாங்கப்பட்டே வந்திருக்கிறது. 1970-களில் மகாவலித் திட்டம் அந்த வேலையைப் பன்மடங்காக்கிற்று. பொல்கொல்லையில் மகாவலி கங்கையைத் தடுத்து, சுரங்கவழியே உக்குவெலவுக்குக் கொண்டுவந்து மின்சாரம் எடுத்து, சுது கங்கையில் விட்டு அம்பன் கங்கைக்கு அனுப்பினார்கள். நாவுலவுக்கு அருகே போவத்தென்னவில் அணைகட்டித் தேக்கி, மறுபடியும் சுரங்கத்தின் வழியே லெனதொரப் பக்கமாக வடக்கே கலாவெவவுக்குத் திருப்பினார்கள். நாவுல வீதியில் பஸ்ஸிலே போகிறவன் அறியாத ஒரு நதி அவ்வாறு மலைக்குள்ளே போய்க்கொண்டிருக்கிறது.

கெடிகே நின்ற இடமோ வயல்களுக்கு நடுவே தாழ்ந்த நிலம். நீர் உயர்ந்தால் கோயில் மூழ்கும் என்பது தெரிந்தபோது, 1975-ஆம் ஆண்டளவில் அதைக் கல் கல்லாகக் கழற்றத் தொடங்கினார்கள். ஒவ்வொரு கல்லுக்கும் அடையாளமிட்டு, வரிசை குலையாமல் எடுத்து, நீர் எட்டாத மேட்டிலே பழைய முறைப்படி அடுக்கி நிறுத்துவது எளிய காரியமன்று. சாந்தால் ஒட்டிய சுவரை உடைத்து மறுபடி கட்டலாம். கல்லின்மேல் கல்லாகத் தன் பாரத்தாலேயே நிற்கும் கட்டடத்தில் ஒரு கல் இடம் மாறினால் அதற்கு மேலுள்ள அத்தனை கல்லும் பிசகும். ஆயிரம் ஆண்டுக்கு முந்திய சிற்பி எந்தக் கல்லை முதலில் வைத்தான் என்பதைக் கடைசிக் கல்லைக் கழற்றும்வரை அறிய முடியாது. ஒரு கட்டடத்தை அதைக் கட்டியவனைப் போல நெருங்கி அறிய வேண்டுமானால் அதைக் கழற்றிப் பார்ப்பது ஒரு வழிபோலும். ஆனால் விரும்பிச் செய்யத்தக்க வழியன்று.

இதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னர்தான் எகிப்தில் அஸ்வான் உயர் அணைக்காக அபு சிம்பெல் கோயில்களை யுனெஸ்கோவின் துணையோடு 1964 முதல் 1968 வரை அறுத்தெடுத்து, சுமார் 65 மீற்றர் உயரத்தில் மீண்டும் அமைத்தார்கள். உலகமே அதைப் பேசிற்று. நமக்கு இன்னும் பக்கத்திலுள்ள உதாரணம் ஆந்திரத்து நாகார்ஜுனகொண்டா. 1955-இல் அடிக்கல் நாட்டிய நாகார்ஜுனசாகர் அணையின் நீர் அந்தப் பௌத்தப் பள்ளத்தாக்கை மூழ்கடித்தபோது, அங்கிருந்த விகாரைகளையும் தூபிகளையும் பெயர்த்து, நீரின் நடுவே தீவாகிவிட்ட குன்றின்மேல் அமைத்தார்கள். இன்று அங்கே லாஞ்சில்தான் போகவேண்டும். ஐரோப்பிய நகரத்துப் படகுப் பிரயாணத்துக்கு நம் பக்கத்தில் ஈடு சொல்லவேண்டுமானால் அதையே சொல்லலாம். அங்கே 1920-களின் இறுதியில் பெரிய அளவில் அகழ்வாய்வு நடத்தியவர் ஏ.எச். லாங்ஹர்ஸ்ட், பல்லவக் கட்டடக்கலை பற்றிப் பல பாகங்களாக எழுதியவரும் அவரே, 1930-களின் நடுவில் இலங்கையின் தொல்பொருள் ஆணையாளராக வந்தவரும் அவரே. பல்லவக் கலையையும் நீரில் மூழ்கவிருந்த பௌத்த நகரத்தையும் நன்கறிந்த ஒருவர் கெடிகே இருந்த நாட்டின் தொல்பொருட் பொறுப்பையும் வகித்தார் என்பது சரித்திரத்தின் விளையாட்டு.

இப்படிப் பெயர்க்கப்படாமல் மூழ்கிய கோயில்களையும் தமிழன் அறிவான். மேட்டூர் அணை 1934-இல் முடிந்தபோது பண்ணவாடியில் இருந்த ஜலகண்டேசுவரர் கோயிலும் கிறிஸ்தவ தேவாலயமும் நீருக்குள் போயின. நீர்மட்டம் இறங்கும் ஆண்டுகளில் நந்தியின் தலையும் தேவாலயத்தின் கோபுரமும் வெளியே தெரியும். அப்போது ஜனங்கள் கூட்டங்கூட்டமாக வந்து நந்திக்குப் பூச்சூட்டிப் போவார்கள். கோயிலைக் காப்பாற்றும் எண்ணம் 1934-இல் எவருக்கும் தோன்றவில்லை, 1975-இல் தோன்றியது. இந்த நாற்பது ஆண்டுகளில் ஆசியாவின் அரசாங்கங்கள் கற்றுக்கொண்டதில் இதையும் ஒன்றாகச் சேர்க்கத்தான் வேண்டும்.

கற்களுக்குக் கிடைத்த இந்தக் கவனம் மனிதருக்கும் கிடைத்ததா என்று கேட்டால் பதில் அத்தனை நிம்மதியாக இராது. அம்பன் கங்கையின் குறுக்கே எழுந்த மொரகஹகந்த நீர்த்தேக்கம் 2018 ஜனவரியில் திறக்கப்பட்டது. அதனோடு இணைந்த களு கங்கை நீர்த்தேக்கத்துக்காக லக்கல என்னும் ஊரே பழைய இடத்தை விட்டுப் புதிய நகரமாக வேறிடத்தில் எழுந்தது. புதிய வீதி, புதிய பாடசாலை, புதிய ஆஸ்பத்திரி எல்லாம் கொடுத்தார்கள், குறை சொல்வதற்கில்லை. ஆனால் கல்லுக்கு எண்ணிட்டு எடுத்துச் சென்று அதே அயற்கல்லின் பக்கத்திலே வைக்கலாம். அயல்வீட்டை அப்படி வைக்க முடியாது. எந்தத் திண்ணையில் யார் மாலையில் வந்து உட்கார்வார் என்ற வரிசை ஒரு தடவை கலைந்தால், எத்தனை தேர்ந்த எஞ்சினியரும் அதைத் திரும்ப அடுக்க இயலாது.

கெடிகேயைப் பார்க்க விரும்புகிறவர் கண்டி–தம்புள்ளை பஸ்ஸில் ஏறி, நாலந்தாச் சந்தியில் இறக்கிவிடும்படி கொண்டக்டரிடம் முன்னதாகவே சொல்லி வைப்பது நலம். சொல்லாவிட்டால் நாவுல வரை போய்த் திரும்பிவர நேரும். சந்தியிலிருந்து நடந்தால் மரநிழலான வழி. மேட்டிலே நின்று நீரைப் பார்க்கையில், பழைய இடம் எங்கே என்று கேட்கும் சுற்றுலாப் பிரயாணிக்கு வழிகாட்டி கையை நீட்டி நீரைக் காட்டுவார். அதே மூச்சில், இலங்கைத் தீவின் நட்டநடு மையம் கெடிகே நிற்கும் இவ்விடமே என்றும் சொல்வார். அந்த ஐதிகம் கோயிலின் பழைய இடத்துக்கு உரியது. கோயிலோடு கூடவே அதையும் கழற்றி மேட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். யாரும் ஆட்சேபிப்பதில்லை, பிரயாணி அதைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு பஸ்ஸுக்குத் திரும்புகிறான்.